மைனஸ் இருபத்துநான்கு வான்கோழிகள்

நம் வீடு,
ஞாயிறு, சந்தை கலைந்த பிறகு.

அன்பு மருமகள் யாதிராவுக்கு, உன் அம்மாவின் ஒரே அண்ணனும், உன்னை ஏழு வயதிலிருந்து சோறும் திட்டும் குறையாமல் போட்டு வளர்த்தவனும், இந்தப் பள்ளத்தாக்கில் ஓடுகிற அத்தனை மூன்று சக்கர ஆட்டோக்களுக்கும் முடிசூடாத சக்கரவர்த்தியுமான நாபோர் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை எர்லிந்தாவும் சுகமாக இருக்கிறோம், அத்தையின் முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முந்தியே சொல்லிவிடுகிறது, ஆட்டோவுக்கு இருமல், வான்கோழிகள் எங்கள் எல்லோரையும் விட ஆரோக்கியம். அங்கே வடக்கே மான்ட்டெர்ரே வெயிலில் நீயும் மாப்பிள்ளை ஹெர்மானும் வற்றலாகிவிடாமல் சதையும் சிரிப்புமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். காலையில் சாப்பிடாமல் அலுவலகத்துக்கு ஓடுகிறாய் என்று அத்தைக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. வெறும் வயிற்றில் ஊரார் கணக்கைப் பார்த்தால் அவர்களுடைய நஷ்டமெல்லாம் உன் குடலில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

தொலைபேசியில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். பேசலாம்தான். ஆனால் நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் நீ "மாமா, விஷயத்துக்கு வாங்க" என்கிறாய், நான்காவது வாக்கியத்தில் "முடியாது மாமா" என்கிறாய். கடிதத்தைக் குறுக்கே வெட்ட எவராலும் முடியாது, அதிலும் முடியாது என்று நீ சொல்லிவிடக்கூடிய ஒரு சங்கதி இதில் இருக்கிறது. ஆகவே உட்கார்ந்துகொண்டு படி. ஹெர்மானுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு.

போன மாதம் நீ எழுதி அனுப்பிய காகிதத்தை நான் மறக்கவில்லை, என் ஆட்டோக் கண்ணாடியில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருந்தேன். ஜனவரிக் கல்யாணத்தை நம் முற்றத்தில் வைத்தால் மாமா கடனில் முழுகிவிடுவாரே என்ற கவலையில், நீ படித்த படிப்பையெல்லாம் பிழிந்து எனக்கு ஒரு சமன்பாடு போட்டுக் கொடுத்திருந்தாய். நமக்கு வரவேண்டியதற்கு பிளஸ் போடுங்கள், நாம் கொடுக்கவேண்டியதற்கு மைனஸ் போடுங்கள், கல்யாணச் சமையலுக்குத் தேவையானதற்கும் மைனஸ் போடுங்கள், எல்லாவற்றையும் சேர்த்தால் கிடைப்பது எக்ஸ். எக்ஸ் பூஜ்யமாகவோ அதற்கு மேலோ வந்தால் கல்யாணம் நம் முற்றத்தில். பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் மான்ட்டெர்ரேயில் ஒரு மண்டபம், தலைக்கு இவ்வளவு பேசோ என்று அவர்களே தட்டில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள், நீங்களும் அத்தையும் பேருந்தில் ஏறி வந்தால் போதும். இப்படி எழுதி அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தாய். தட்டில் வைத்துக் கொடுக்கிற கல்யாணமாம். அதைப் படித்துவிட்டு நான் ஒரு மணி நேரம் பேசவே இல்லை. அத்தை பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஹெர்மான் வடக்கத்திக்காரர், அவருக்காக ஒரு வரி. மாப்பிள்ளை, இங்கே ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் ஊரார் வான்கோழி கொண்டுவருவார்கள். அது பரிசு கிடையாது. தராசில் தொங்கவிட்டு, இன்னார் இத்தனை கிலோ என்று வீட்டு நோட்டில் எழுதிக்கொள்வோம். நாளைக்கு அவர் வீட்டில் விசேஷம் வரும்போது அதே எடையில் ஒரு வான்கோழி நம் வீட்டிலிருந்து போயாகவேண்டும். அப்பா திருப்பாததை மகன் திருப்புவான். இதற்கு கெலகெட்சா என்று பேர். எங்கள் ஊரில் வங்கி கிடையாது, தேவையும் கிடையாது, எங்கள் பணம் முற்றத்தில் கத்திக்கொண்டு திரியும்.

நீ சொன்னபடியே ஒரு நாள் வீட்டு நோட்டை விரித்துவைத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன். இந்தத் தேசத்தின் வரவுசெலவுத் திட்டத்தைப் போட்டவர்கள்கூட அவ்வளவு ஆடம்பரமாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஊரார் நமக்குத் தரவேண்டியது முப்பத்துநான்கு வான்கோழி. நாம் ஊராருக்குத் தரவேண்டியது இருபத்தேழு. உன் கல்யாணத்துக்கு, எவ்வளவு கறாராகப் பார்த்தாலும், முப்பது வேண்டும், ஏனென்றால் மோலே குழம்பில் கறி தேடுகிற நிலைமையை என் வீட்டு விருந்தாளிக்கு நான் கொடுக்க மாட்டேன். முப்பத்துநான்கில் இருபத்தேழு போக ஏழு, ஏழில் முப்பது போகவே போகாது, ஆனால் நீ போகும் என்று எழுதியிருந்தாய். பூஜ்யத்தைத் தாண்டிப் பாதாளத்துக்குள் இறங்கிப் போகலாம், அங்கேயும் எண்கள் குடியிருக்கின்றன என்றாய். இறங்கினேன். மைனஸ் இருபத்துமூன்று. நான் பென்சிலை நாக்கில் தொட்டு மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் அதே இருபத்துமூன்று வான்கோழிகள் பாதாளத்திலிருந்து என்னைப் பார்த்துக் கழுத்தை ஆட்டின. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "அந்த இருபத்தேழையும் கல்யாணத்தன்னைக்கேவா வந்து கேக்கப்போறாங்க?" என்றாள். கணக்கு நடக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்று கையை உயர்த்தினேன். அந்தக் கையை அப்போதே அவள் வெட்டிப் போட்டிருக்கலாம்.

இப்போது உன் மாமனின் மூளை வேலை செய்த விதத்தைக் கேள். எக்ஸைக் கீழே இழுப்பது மைனஸ்கள்தானே? ஆகவே மைனஸ்களைத் தொலைத்துவிட்டால் எக்ஸ் தானாக மேலே வந்துவிடும். நம் நோட்டில் வேடிக்கை என்னவென்றால் நமக்குத் தரவேண்டிய வீடுகளுக்கே நாமும் தரவேண்டியிருக்கிறது. உன் ஞானத்தகப்பன் கிரெசென்சியோவையே எடுத்துக்கொள். அவன் நமக்கு ஒன்பது, நாம் அவனுக்கு எட்டு. அதற்கு அதைக் கழித்துவிட்டால் எட்டு மைனஸ் ஒரே அடியில் செத்துப்போகும், அவன் ஒரே ஒரு கோழி தந்தால் போதும். இத்தனை சுலபமான சங்கதி ஊர் உண்டான நாளிலிருந்து யாருக்குமே தோன்றவில்லையே என்று எனக்கே என் மேல் பக்தி வந்துவிட்டது. மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, உன் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆட்டோவை ஊர்வலத் தேர் மாதிரி மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடுவீடாகப் புறப்பட்டேன்.

முதலில் கிரெசென்சியோ வீடு. சமன்பாட்டை விளக்கினேன், பிளஸ் மைனஸை விரலில் காட்டினேன், "ஆகக்கூடி உனக்கும் எனக்கும் நடுவுல ஒரே ஒரு கோழிதான்டா கிரெசென்சியோ, மத்ததையெல்லாம் அடிச்சிடலாம்" என்றேன். அவன் வெகுநேரம் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு "அடிச்சிடலாம்னு சொல்றே" என்றான். "அடிச்சிடலாம்" என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் பெண்டாட்டி செனாய்தாவைக் கூப்பிட்டு நோட்டைக் கொண்டுவரச் சொன்னான். அவள் கோடு போட்டுவிட்டு சால்வை முனையால் கண்ணைத் துடைத்தாள். கணக்கின் அழகில் மனம் உருகிவிட்டாள் என்று நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வீட்டிலும் கோடு, அதற்கடுத்த வீட்டிலும் கோடு. போர்ஃபிரியா அம்மாள் மட்டும், அவள்தான் தெரியுமே, ஊருக்கு ஒலிபெருக்கி வாங்காமல் மிச்சம் பிடித்துக்கொடுத்த புண்ணியவதி, கதவிலேயே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்து, "உடம்பு கிடம்பு ஏதாச்சும் சரியில்லையா நாபோர்? டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். "அப்ப ஊரை விட்டுப் போறியா?" என்றாள். போகவில்லை என்றேன். "சாகவும் போகலை, ஊரை விட்டும் போகலை, ஆனா எங்களோட கணக்கை மட்டும் முடிக்கறே" என்று சொல்லிவிட்டு, நோட்டில் கோட்டைப் போட்டு, கதவையும் சாத்தினாள். அந்தச் சத்தம் தாளிட்ட சத்தமாகத்தான் எனக்குக் கேட்டது. ஊர் முழுவதும் கேட்டது என்று அத்தை சொல்கிறாள்.

சாயங்காலம் இருபத்தேழு மைனஸ்களையும் என் கையாலேயே கொன்று முடித்த மாவீரனாக வீட்டுக்கு வந்தேன். நோட்டை விரித்தேன். தரவேண்டியது பூஜ்யம். வரவேண்டியது ஏழு. தேவை முப்பது. மருமகளே, ஏழில் முப்பது போனால் எவ்வளவு? அதே மைனஸ் இருபத்துமூன்று! ஒரு இறகுகூட அசையவில்லை! நான் ஒவ்வொரு மைனஸைக் கொல்லும்போதும் பக்கத்திலிருந்த ஒரு பிளஸ்ஸும் கூடவே செத்திருக்கிறது, அதை நான் எண்ணவில்லை. இதை நீ காகிதத்தில் ஒரு ஓரத்தில் எழுதியிருக்கலாம். "ஜாக்கிரதை, இரண்டு பக்கமும் கழித்தால் விடை மாறாது" என்று ஒரே வரி. எழுதவில்லை. மாமனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டாய். மாமனைப் பற்றி உனக்கு எப்போதுமே அளவுக்கு மீறிய நல்ல அபிப்பிராயம், அதை நான் கெடுத்ததும் கிடையாது.

கதை அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வாசலில் ஏழு வான்கோழிகள் கட்டிக் கிடந்தன. மிச்சமிருந்த ஏழையும், கல்யாணம் வரைக்கும்கூடக் காத்திருக்காமல், கொண்டுவந்து கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். யாரும் உள்ளே வரவில்லை. யாரும் மெஸ்கால் சாராயம் கேட்கவில்லை. இந்த ஊரில் ஒரு மனிதன் ஓசி மெஸ்காலை வேண்டாம் என்று சொல்லிப் போகிறான் என்றால் விஷயம் நாம் நினைப்பதை விடப் பெரிது என்று அர்த்தம். அன்றிலிருந்து என் ஆட்டோவில் ஈ ஏறவில்லை. சந்தையிலிருந்து ஐம்பது கிலோ மக்காச்சோள மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நடக்கிறார்கள், நான் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே "ஏறுங்க, காசு வேண்டாம்" என்றால், "வேண்டாங்க, உங்களுக்குக் கடன் பிடிக்காதே" என்கிறார்கள். பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்தில் எனக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார்கள். சிரிக்காதே. சரி, சிரி. ஆனால் அத்தை சிரிக்கவில்லை. ஜனவரியில் மிளகாய் அரைக்க வருகிறேன் என்று சொல்லியிருந்தவளும், தோர்த்தியா ரொட்டி தட்ட வருகிறேன் என்று சொல்லியிருந்தவர்களும் ஆற்றங்கரையில் அவளைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்களாம். வீட்டுக்கு வந்தாள், துணிக்கூடையை இறக்கி வைத்தாள், "ஏழு கோழி இருக்கு, வெச்சுக்குங்க. அரைக்க யாரு வருவா? தட்ட யாரு வருவா? அடுப்பு மூட்ட உங்க எக்ஸ் வருவாரா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. எனக்குப் பீன்ஸ் மட்டும் போட்டாள், அதிலும் உப்பில்லை.

அப்போதுதான் மண்டையில் ஏறியது. உன் சமன்பாட்டில் ஒரு குறை இருக்கிறது யாதிரா, அது உன் குறை இல்லை, மான்ட்டெர்ரேக் கணக்கின் குறை. அந்த இருபத்தேழு மைனஸும் ஒரே நாளில் வருவதில்லை. ஒன்று அடுத்த வருஷம் வரும், ஒன்று எவனோ ஒருவனுடைய பிறக்காத பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு வரும். பிளஸ் முப்பத்துநான்கு மட்டும்தான் கல்யாணத்தன்று வாசலில் வந்து நிற்கும். முப்பதைச் சமைத்துவிட்டு நாலை நாய்க்குக் காட்டிப் பெருமையடித்திருக்கலாம். நம் எக்ஸ் ஆரம்பத்திலிருந்தே பிளஸ் நாலு! அதை நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் அழித்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரு மனிதனுக்கு யாரிடமும் கடன் இல்லை, யாரும் அவனுக்குக் கடன்படவும் இல்லை என்றால், இந்த ஊரில் அவனுடைய சவப்பெட்டியை அவனேதான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அப்போது உனக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன், இது இல்லை, வேறு. மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிடு, நாங்கள் பேருந்தில் வருகிறோம் என்று ஒன்றரை வரி எழுதினேன். நான் ஒன்றரை வரியில் கடிதம் எழுதினேன் என்றால் என் நிலைமையை நீயே ஊகித்துக்கொள்.

அத்தை அந்தத் தாளைப் பார்த்தாள். எடுத்து அடுப்பில் போட்டாள். "சனிக்கிழமை கிரெசென்சியோ வீட்டுக்குக் கூரை காங்கிரீட் போடறாங்க. ஊரே அங்க வேலைக்குப் போகுது. நம்மளை மட்டும் கூப்பிடலை. கோழியைத் தூக்கிக்கிட்டுப் போங்க. கூப்பிடலைன்னாலும் போங்க" என்றாள். ஏழிலேயே பெரியதைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு ஆயர் என்று பேர் வைத்திருந்தேன், பேராலயத்து ஆயருக்கு இருக்கிற மாதிரியே அப்படி ஒரு தாடை, அப்படி ஒரு நடை. ஆட்டோவில் பின் இருக்கையில் உட்காரவைத்துக் கொண்டுபோனேன். வழியில் இரண்டு பேர் அதற்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள், எனக்குச் சொல்லவில்லை.

காங்கிரீட் போடுகிற நாள் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். கலவை இயந்திரம் சுழல ஆரம்பித்துவிட்டால் போப்பாண்டவரே வந்தாலும் நிறுத்த முடியாது, நிறுத்தினால் கூரையில் விரிசல் விடும். தகர டின்னில் கலவையை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு, சாய்வாகப் போட்ட பலகை வழியே ஆட்கள் எறும்பு மாதிரி ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். கிரெசென்சியோ மேலே நின்றுகொண்டு கலவையைப் பரப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். "என்ன நாபோர், உனக்கும் எனக்கும்தான் ஒண்ணுமில்லையே. கோழியை விக்க வந்தியா?" என்றான். கூரையும் தரையும் சேர்ந்து சிரித்தன. "கடன் குடுக்க வந்தேன்" என்றேன். "நான் கறி வாங்கிட்டேன். காசு குடுத்து வாங்கிட்டேன். யாருக்கும் பாக்கியில்லை. உங்கிட்டதான் கத்துக்கிட்டேன்" என்றான். அந்த வார்த்தை ஒரு டின் கலவையை விடக் கனமாக வந்து என் மேல் விழுந்தது. ஆயரை ஆட்டோவின் கைப்பிடியில் கட்டிவிட்டு, சட்டையைக் கழற்றி, ஒரு டின்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வரிசையில் புகுந்தேன். யாரும் இடம் விடவில்லை, யாரும் தள்ளவும் இல்லை. அன்று நான் சுமந்த கலவையில் வஹாக்கா நகரத்துப் பேராலயத்தை இன்னொரு தடவை கட்டியிருக்கலாம். அறுபத்தோரு வயசு முதுகு, அதன் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக என்னிடம் பேர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டது.

கூரை முடிகிற நேரம். மேலே எல்லாம் மெழுகின மாதிரி வழவழவென்று சமப்படுத்திவிட்டு, கிரெசென்சியோ ஓரத்தில் நின்று ரசித்துக்கொண்டிருந்தான். அப்போது செனாய்தா கீழேயிருந்து "கோழி! கோழி!" என்று கத்தினாள். ஆயர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, பலகை வழியே சாவகாசமாக மேலே போய்க்கொண்டிருந்தார். காலி டின்னோடு இறங்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் அவருக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். நேராக ஈரக் கூரையின் நடுவுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன், கிரெசென்சியோ எதிரே ஓடிவந்தான், "டேய், உன் கோழியைப் பிடிடா!" என்று அவனும், "உன் கூரையிலதானே நிக்குது, நீ பிடிடா!" என்று நானும் கத்திக்கொண்டே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். ஆயர் ஒரு அடி நகர்ந்துகொண்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவராகப் புதுக் கூரையில் விழுந்தோம். எழுந்து உட்கார்ந்து பார்த்தால் அவன் கொஞ்சநேரத்துக்கு முன்பு மெழுகின கூரையில் வான்கோழிக் கால்தடம் ஒரு வரிசை, அவனுடைய பின்புறம் பதிந்த பள்ளம் ஒன்று, என்னுடையது ஒன்று. கிரெசென்சியோ ஒவ்வொன்றாகப் பார்த்தான். "கோடு போட்டு அடிச்சிடலாம்னு சொன்னியேடா, இதை எப்படிடா அடிப்பே?" என்றான். அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறான் என்று நினைத்தேன், பாவி சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதோடு, "அந்த எட்டுக் கோழியும் எட்டுத் தடவை நீ என் வீட்டுக்கு வர்றதுன்னு வெச்சிருந்தேன்டா. ஒரே நாள்ல முடிச்சிட்டியேடா" என்றான். அதற்கு மேல் நான் என்ன செய்தேன் என்று எழுத மாட்டேன். கண்ணில் சிமெண்டு விழுந்திருந்தது.

செனாய்தா தராசைக் கொண்டுவந்தாள். ஆயரைத் தொங்கவிட்டார்கள், ஏழு கிலோ நானூறு. எழுதப் போனாள். கிரெசென்சியோ, "இரு, இரு, கால்ல என் சிமெண்டு ஒட்டியிருக்கு, அதைக் கழிக்கணும். மைனஸ் இருநூறு கிராம். நாபோருக்கு மைனஸ்னா பிடிக்கும்" என்றான். "அது என் உழைப்புல ஏத்தின சிமெண்டு, அதுக்கு பிளஸ் போடு" என்றேன். ஊர் பூராவும் சுற்றி நின்று இந்த இருநூறு கிராமுக்கு வழக்குத் தீர்த்தது, கடைசியில் நூறு நூறாகப் பங்கு பிரித்தார்கள். ஏழு கிலோ முந்நூறு, நாபோர் வீட்டிலிருந்து. செனாய்தா எழுதி முடித்ததும் எனக்கு ஒரு குவளை மெஸ்கால் கொடுத்தாள், மருமகளே, உப்பில்லாத பீன்ஸுக்குப் பிறகு அந்த மெஸ்கால்! மோட்சத்தில் கொடுப்பது இதில் பாதி ருசி இருக்குமா என்பது சந்தேகம்.

சாப்பிட உட்கார்ந்ததும் போர்ஃபிரியா அம்மாள் ஆரம்பித்தாள். "கிரெசென்சியோ வாங்கிட்டான், அப்ப நாங்க என்ன வேத்து ஊரா? ஜனவரிக்கு எங்க வீட்லயிருந்து ஒண்ணு வெச்சுக்க. எட்டு கிலோ. அதுக்குக் கீழே எங்க வீட்ல கோழி வளராது" என்றாள். அவ்வளவுதான், ஏலக்கடை மாதிரி ஆகிவிட்டது, எங்க வீட்ல ஒண்ணு, எங்க வீட்ல ஒண்ணு என்று வாய்க்கு வாய் சொன்னார்கள். கோடு போட்டு அடித்த கடனை மறுபடி உயிர்ப்பிக்க நம் ஊரில் வழக்கமில்லை, எல்லாம் புதுக்கடன்தான் என்று சொல்லிவிட்டார்கள், நானும் தலையை ஆட்டிவிட்டேன். மொத்தம் இருபத்துநான்கு வீடு, இருபத்துநான்கு வான்கோழி. முற்றத்தில் மிச்சம் ஆறு, கிரெசென்சியோ திருப்பித் தருகிற ஒன்று, கடனாக வருகிற இருபத்துநான்கு, ஆக முப்பத்தொன்று. முப்பது சமையலுக்குப் போக எக்ஸ் பிளஸ் ஒன்று. பூஜ்யத்துக்கு மேலே! நீ போட்ட நிபந்தனை, உன் கையெழுத்து, அடியில் இரண்டு கோடு, என்னிடம் இருக்கிறது. மிச்சமாகிற அந்த ஒன்றைப் பூச்சூடி உயிரோடு ஹெர்மான் தோளில் தூக்கிக்கொண்டு ஆடவேண்டும், அது இங்கே மாப்பிள்ளைக்குக் கட்டாயம், இப்போதிருந்தே ஒரு மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பழகச் சொல். மாவு மூட்டை கொத்தாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

இப்போது, நீ முடியாது என்று சொல்லக்கூடிய சங்கதிக்கு வருகிறேன். கடன் எழுதும்போது செனாய்தா பென்சிலைப் பிடித்துக்கொண்டு, "யார் பேர்ல எழுதறது?" என்று கேட்டாள். நியாயப்படி என் பேரில் எழுதவேண்டும். நான் வாயைத் திறந்தேன். அப்போது ஒன்று தோன்றியது. அன்று சலவைச் சட்டையோடு ஊரில் அத்தனை வீட்டு நோட்டையும் நான் பார்த்தேனே, அதில் உன் அம்மா பேர் இருந்தது, கோடு போட்ட பழைய வரிகளில், என் பேர் இருந்தது, அத்தை பேர் இருந்தது. உன் பேர் எந்த வீட்டிலும் இல்லை. பதினெட்டு வயசில் படிக்கப் போனவள், ஒரு வீட்டுக்கும் ஒரு முட்டைகூடக் கடன்பட்டதில்லை. நானும் அத்தையும் போய்விட்டால் இந்த ஊரில் யாரும் உன்னைக் கேட்டுக் கதவைத் தட்ட ஒரு காரணம் இருக்காது, நீ யார் கதவையும் தட்ட ஒரு காரணம் இருக்காது. எக்ஸ் பூஜ்யம். ஆகவே "யாதிரா, ஹெர்மான், ரெண்டு பேர் பேர்லயும் எழுது" என்று சொல்லிவிட்டேன். இருபத்துநான்கும். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ மாட்டேன் என்றிருப்பாய். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் நீங்கள் எழுந்திருக்கும்போது உங்கள் கணக்கு மைனஸ் இருபத்துநான்காக இருக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பெண்ணும் இவ்வளவு பெரிய சீதனத்தோடு புகுந்த வீட்டுக்குப் போனதில்லை. யாருக்கு எப்போது விசேஷம் வரும் என்று தெரியாது, செய்தி வரும்போதெல்லாம் பேருந்தில் ஏறி வரவேண்டும், உன்னால் முடியாதபோது உன் பிள்ளைகள் வரவேண்டும். கோபித்துக்கொள். எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள், ஆனால் வந்து என் எதிரே நின்று கோபித்துக்கொள்.

மாதாவும் எல்லாப் புனிதர்களும் உன்னையும் ஹெர்மானையும் காக்கட்டும், உங்கள் வீட்டில் சண்டை சின்னதாகவும் சமாதானம் பெரிதாகவும் இருக்கட்டும், நூறு வயசு வரைக்கும் பல் ஆடாமல் கறி கடிக்கும் பாக்கியம் கிடைக்கட்டும். அத்தை தன் ஆசீர்வாதத்தையும் ஒரு பொட்டலம் சாக்லேட்டையும் சேர்த்து அனுப்புகிறாள், பேருந்து ஓட்டுநர் பாதியைத் தின்றிருந்தால் எனக்கு எழுது. மறக்காமல் ஒன்று செய். வரும்போது அங்கே நல்ல கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கிக்கொள், இங்கே கிடைப்பதெல்லாம் ஒரே மழையில் ஊறிப்போகிறது. முதல் பக்கத்தில் உங்கள் இரண்டு பேர் பேரையும் எழுதிக்கொண்டு வா. மற்றதை இங்கே ஊரார் எழுதித் தருவார்கள்.

இப்படிக்கு,
உன்னைக் கடனாளியாக்கிய தாய்மாமன்
நாபோர்